பெருங்களத்தூருக்கு வராத எஞ்சின்

ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரைப் பற்றிப் பழைய கார்ப் பைத்தியங்களிடம் கேட்டுப் பாருங்கள். ரோவர் உடம்பில் டிராக்டர் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டார்கள் என்பார்கள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. 1985இல் பெருங்களத்தூர் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த கார் அது. 1988இல் தானும் மறைந்து, தன்னைப் பெற்ற நிறுவனத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது. இன்று அதன் பெயரில் மிஞ்சியிருப்பது அந்தச் சிரிப்புதான்.

சிரிப்பில் பாதி உண்மை இருக்கிறது. டிராக்டரின் எஞ்சினும் அந்தக் காரின் எஞ்சினும் ஒரே குடும்பம். ஆனால் அதே குடும்பத்து எஞ்சின்தான் 1953இல் பெல்ஜியத்தின் யாபெக் நெடுஞ்சாலையில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது. "எஞ்சின் பழசு, அவ்வளவுதான்" என்று கதையை முடித்துவிட்டால் பெருங்களத்தூரில் உண்மையில் எது தவறிப்போனது என்பது தெரியாமலே போய்விடும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு கேம் ஷாஃப்டையும் கார்புரேட்டரையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு படகும் வரும்.

ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கார்

தாம்பரம் தாண்டியதும் பெருங்களத்தூர், அடுத்து வண்டலூர். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வருவதற்கு முன்பு, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு பஸ்ஸுக்குக் காத்து நின்ற அதே பெருங்களத்தூர். 1940களின் கடைசியில் மெட்ராஸின் யூனியன் கம்பெனி மோட்டார்ஸும் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் கைகோத்து, ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. சில கிலோமீட்டர் வடக்கே குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. 1949இல் தொடங்கியபோது அதன் முதல் பாடப்பிரிவுகளில் ஆட்டோமொபைல் எஞ்சினியரிங்கும் ஒன்று. கார் செய்யும் இடமும் கார் படிக்கும் இடமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரே சாலையில் முளைத்தன.

முதலில் வந்தது ஸ்டாண்டர்ட் வேங்கார்ட். பிறகு எயிட், டென், பென்னன்ட். 1961இல் 948 சிசி எஞ்சினோடு ஹெரால்ட். இங்கிலாந்தில் ஹெரால்ட் இரண்டு கதவு கார். நம்ம ஊரில் தாத்தா பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் ஏற வேண்டுமே! 1968இல் மார்க் 3 என்ற பெயரில் நான்கு கதவு ஹெரால்டைப் பெருங்களத்தூர்க்காரர்கள் தாங்களே செய்தார்கள். அப்படி ஒன்றை இங்கிலாந்து செய்யவே இல்லை. 1972இல் கஸெல் வந்தது. 1977இல் கார் உற்பத்தி நின்றது. அடுத்த எட்டு ஆண்டுகள் வேன்கள் மட்டுமே. அந்த இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருவதற்கான ஒரே பந்தயமாக வைக்கப்பட்டதுதான் ஸ்டாண்டர்ட் 2000.

ஒரு எஞ்சின், மூன்று வேலை

1940களின் இறுதியில் வேங்கார்ட் காருக்காக வந்த நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு வசதி உண்டு. அதன் சிலிண்டர்கள் எஞ்சின் பிளாக்கோடு ஒட்டி வார்க்கப்பட்டவை கிடையாது. தனித்தனிக் குழாய்களாகச் செருகி எடுக்கலாம். வெட் லைனர் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். குழாயைச் சுற்றிக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும். குழாயின் விட்டத்தை மாற்றினால் எஞ்சினின் கொள்ளளவே மாறிவிடும், பிளாக்கைத் தொட வேண்டியதில்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 92 மில்லிமீட்டர். 80 மி.மீ. விட்டம் வைத்தால் 1850 சிசி, 83 வைத்தால் 1991, 85 வைத்தால் 2088.

80 மி.மீ. எஞ்சின் பெர்குசன் டிராக்டருக்குப் போனது. நிமிடத்துக்கு 2000 சுற்றுதான், ஆனால் நாள் முழுக்க ஏர் இழுக்கும். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்தை அடைந்தது இந்தப் பெர்குசன் டிராக்டர்களில்தான். 85 மி.மீ. எஞ்சின் வேங்கார்ட் காரில் 68 குதிரைத்திறன் கொடுத்தது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் போகும் குடும்பக் கார்.

83 மி.மீ. எஞ்சின்தான் ஆச்சரியம். ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் கையில் ட்ரையம்ஃப் என்ற பெயரும் இருந்தது. அந்தப் பெயரில் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் கார் செய்தபோது, இரண்டு லிட்டர் பந்தயப் பிரிவுக்குள் நிற்பதற்காக விட்டத்தைக் குறைத்தார்கள். எஞ்சின் சின்னதானது, சக்தி 90 குதிரைத்திறனாக ஏறியது. வேறு கேம் ஷாஃப்ட், கூடுதல் அமுக்கம், ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர். யாபெக்கில் 200ஐத் தாண்டியது இதுதான். காற்றுத் தடையைக் குறைக்கச் சில ஏற்பாடுகள் செய்திருந்தார்கள், ஆனால் எஞ்சின் குடும்பம் மாறவில்லை.

டிராக்டரையும் பந்தயக் காரையும் பிரித்தது வயது இல்லை. வால்வு எப்போது திறக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்ற இரண்டு முடிவுகள்தான் முக்கியமாகப் பிரித்தன.

இழுவையா, ஓட்டமா

கேம் ஷாஃப்ட் என்பது முட்டை வடிவ மேடுகள் உள்ள ஒரு தண்டு. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் இது ஒரு சுற்றுச் சுற்றும். மேடு வரும்போது வால்வு திறக்கும், மேடு கடந்ததும் மூடும். பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்வால்வு திறக்க வேண்டும், மேலே ஏறும்போது மூட வேண்டும். இதுல என்ன சிக்கல் இருக்கு என்று தோன்றும்.

சிக்கல் காற்றில் இருக்கிறது. காற்றுக்கும் எடை உண்டு. நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடும்போது, பிஸ்டன் அடிக்குப் போய்த் திரும்ப ஏறத் தொடங்கிய பிறகும் காற்று தன் வேகத்தில் உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும். வால்வைத் தாமதமாக மூடினால் அந்தக் கூடுதல் காற்றையும் பிடித்துக்கொள்ளலாம். அதேபோல, புகை வெளியேறும் வேகத்தைப் பயன்படுத்திப் புதுக்காற்றை இழுக்க, வெளிவால்வு முழுக்க மூடுவதற்கு முன்பே உள்வால்வைத் திறந்துவிடலாம். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சின்ன நேரத்தை ஓவர்லேப் என்கிறார்கள். வேகமான எஞ்சினுக்கு அது வரம்.

அதே கேம் ஷாஃப்டோடு 1000 சுற்றில் ஓட்டினால் எல்லாம் தலைகீழ். காற்றுக்கு வேகம் இல்லை. தாமதமாக மூடும் வால்வு வழியாகப் பிஸ்டன் வந்த காற்றையே திரும்ப வெளியே தள்ளிவிடும். ஓவர்லேப் நேரத்தில் புகை உள்ளே வந்து கலக்கும். எஞ்சின் ஐடிலில் குலுங்கும், கிளட்சை விட்டால் அணையும். நம் மெக்கானிக்குகள் "இழுவை இல்ல சார்" என்று ஒரே வரியில் முடிப்பது இந்த மொத்தக் கதையைத்தான்.

கார்புரேட்டரும் இதே பேரத்தைத்தான் பேசும். அதன் நடுவில் ஒரு குறுகிய கழுத்து. காற்று அதில் வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைந்து, ஜெட் வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுப் பனிபோலச் சிதறும். கழுத்து பெரிதாக இருந்தால் உச்ச வேகத்தில் தாராளமாகக் காற்று போகும். மெதுவாகப் போகும்போதோ காற்றின் வேகம் போதாமல் பெட்ரோல் துளித்துளியாக விழும், வண்டி திக்கும். எஸ்.யூ. கார்புரேட்டரில் காற்றின் தேவைக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு பிஸ்டனை வைத்துக் கழுத்தின் அளவையே மாற்றினார்கள். அருமையான யோசனை. ஆனால் கேம் ஷாஃப்டின் பேரத்தை அதனாலும் மாற்ற முடியாது. இழுவை ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கம். ஒரு கேம் ஷாஃப்டைத் தேர்ந்தெடுப்பவர் அந்த எஞ்சின் வாழ்நாளில் என்ன வேலை செய்யப்போகிறது என்பதை இரும்பில் எழுதிவைத்துவிடுகிறார். பிறகு அழிக்க முடியாது.

படகு சொல்லித்தரும் பாடம்

இந்தத் தேர்வு எவ்வளவு கறாரானது என்பது காரைவிடப் படகில் நன்றாகத் தெரியும். காரில் கியர் இருக்கிறது. கேம் ஷாஃப்ட் செய்த தவறை ஓரளவு கியர் மூடி மறைக்கும். படகில் முன்னே, பின்னே, நடுநிலை, அவ்வளவுதான். தண்ணீர் எப்போதும் எதிர்த்து நிற்கும். தரையில் சொன்னால் முடிவே இல்லாத மேடு ஒன்றில் ஏறிக்கொண்டே இருப்பதுபோல.

புரொபெல்லர் கேட்கும் சக்தி அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் எட்டு மடங்கு சக்தி வேண்டும். அதனால் வேகப்படகுக்கு எஞ்சின் கட்டுகிறவர்கள் முதலில் பார்ப்பது உச்ச சக்தியை இல்லை. படகு எந்தச் சுற்றில் மணிக்கணக்காக ஓடப்போகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் இழுவை நிறைந்திருக்கும்படி கேம் ஷாஃப்டைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் பொருந்தும் புரொபெல்லரைப் போடுவார்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரும்பாலான உள்-எஞ்சின் படகுகளில் குளிர்வித்து முடித்த தண்ணீரைப் புகைக்குழாயிலேயே விட்டு வெளியேற்றுவார்கள். பந்தயக் காருக்குரிய நீண்ட ஓவர்லேப் கேம் ஷாஃப்டை இதில் போட்டால், ஐடிலில் புகைக்குழாயின் அழுத்த அலை பின்னோக்கி வரும்போது ஈரத்தையும் சிலிண்டருக்குள் இழுத்து வந்துவிடும். வால்வு துருப்பிடிக்கும். தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் பிஸ்டனைத் தாங்கும் கம்பியே வளையும். தண்ணீர் அமுங்காது இல்லையா!

கார்புரேட்டர் விஷயத்தில் உயிரே பணயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் தரையில் பரவிக் கலைந்துவிடும். படகின் அடிவயிற்றில் தேங்கினால் ஒரு பொறி போதும். அதனால் படகுக் கார்புரேட்டரில் காற்றோட்டக் குழாய்கள் வளைந்து கழுத்தை நோக்கியே திரும்பியிருக்கும். வழிகிற பெட்ரோல் வெளியே சிந்தாமல் எஞ்சினுக்குள்ளேயே போகும். வாயில், எஞ்சின் எதிர்த்து வெடித்தால் தீயைத் தடுக்கும் உலோக வலை. பார்க்கக் கார் கார்புரேட்டர் மாதிரியேதான் இருக்கும். விலை குறைவு என்று கார் கார்புரேட்டரை மாட்டுகிறவர் தன் காலடியில் வெடியை வைத்துக்கொள்கிறார்.

நம்ம கடற்கரையில், நீலாங்கரை முதல் கோவளம் வரை, ஃபைபர் படகுகளில் நீண்ட தண்டின் முனையில் புரொபெல்லர் சுழற்றும் எஞ்சின்களைப் பார்த்திருப்பீர்கள். அவை டீசல். கார்புரேட்டரும் இல்லை, ஸ்பார்க் பிளக்கும் இல்லை. மெதுவான, முரட்டு இழுவை. அலையைத் தாண்டிப் போய் வலை போட்டுத் திரும்புவதுதான் வேலை என்று தெரிந்தவர்களின் தேர்வு அது.

படகுப் பட்டறையில் கிடைத்த வி8

படகைப் பற்றி இவ்வளவு பேசியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் 2000இன் உடம்பு எந்த எஞ்சினை மனதில் வைத்து வரையப்பட்டதோ, அந்த எஞ்சின் ரோவர் நிறுவனத்தின் கண்ணில் பட்டதே ஒரு படகு எஞ்சின்காரரின் இடத்தில்தான்.

அமெரிக்காவின் ப்யூக் 1961இல் அலுமினியத்தில் ஒரு எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. 3.5 லிட்டர். எடை குறைவு. ஆனால் அலுமினியத்தை வார்ப்பதில் கழிவு அதிகம், செலவு அதிகம். 1963 மாடலோடு கைவிட்டார்கள். விஸ்கான்சினில் மெர்க்குரி படகு எஞ்சின்களைச் செய்துவந்தவர் கார்ல் கீக்ஹேஃபர். படகில் எடை குறைந்த எஞ்சினுக்கு இருக்கும் மதிப்பு அவருக்குத் தெரியும். ப்யூக் எஞ்சின் ஒன்று அவர் பட்டறையில் கிடந்தது. வேறொரு வியாபாரப் பேச்சுக்காக அங்கே போன ரோவரின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அதைப் பார்த்தார். 1965இல் உரிமம் ரோவர் கைக்கு வந்தது. ஓய்வு பெறும் வயதில் இருந்த ப்யூக் பொறியாளர் ஜோ டர்லே இங்கிலாந்துக்கே போய் உதவினார். ரோவர் வார்ப்பு முறையை மாற்றியது, அமெரிக்கக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களை வைத்தது.

1976இல் டேவிட் பாச் வடிவமைத்த எஸ்.டி.1 என்ற கார் இந்த எஞ்சினோடு வந்தது. 155 குதிரைத்திறன். 1977இன் ஐரோப்பிய ஆண்டின் சிறந்த கார் விருதும் கிடைத்தது. அந்த வி8 எஞ்சின் பிறகு லேண்ட் ரோவரில், மார்கனில் என்று 2000களிலும் ஓடியது.

கவனியுங்கள்: இதுவும் பழைய எஞ்சின்தான். கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளே, வால்வைத் தள்ள நீண்ட கம்பிகள், சிலிண்டருக்கு இரண்டே வால்வு. அடிப்படை அமைப்பில் வேங்கார்ட் எஞ்சினுக்கு அண்ணன் தம்பி மாதிரி. பெற்றவர்களே வேண்டாம் என்று விட்ட எஞ்சின் வேறு. ஆனாலும் நாற்பது ஆண்டு வாழ்ந்தது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அதற்குப் பொருந்துகிற வேலை கிடைத்தது.

1985

பெருங்களத்தூருக்கு எஸ்.டி.1இன் உடம்பு வந்தது, வி8 வரவில்லை. வந்திருந்தாலும் அன்றைய பெட்ரோல் விலைக்கும் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்கும் யார் ஓட்டியிருக்க முடியும்? கையில் இருந்தது வேங்கார்ட் குடும்பத்து 1991 சிசி எஞ்சின். அதைச் செய்யும் எந்திரங்களும் ஆட்களும் கையில் இருந்தார்கள். உள்நாட்டுப் பாகம் எவ்வளவு என்று அரசு கணக்குக் கேட்ட காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. 83 குதிரைத்திறன். மேடு பள்ளமான நம் சாலைகளுக்காக சஸ்பென்ஷனை உயர்த்தினார்கள். முடிவெடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் முன்னால் இருந்த கதவுகள் குறைவு.

கேம் ஷாஃப்டையும் கார்புரேட்டரையும் மாற்றி டிஆர்2 மாதிரி 90க்குக் கொண்டுபோயிருக்கலாமே? கொண்டுபோயிருக்கலாம். ஆனால் டிஆர்2 ஒரு டன்னுக்கும் குறைவான எடை, இரண்டே இருக்கை, தானே ஆசையாகக் கியர் மாற்றுகிற ஓட்டுநர். எஸ்.டி.1இன் உடம்பு 1,300 கிலோ சுமாருக்கு. முன்னே டிரைவர், பின்னே முதலாளி, மவுண்ட் ரோடு சிக்னலில் முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர். அந்த வேலைக்கு வேண்டியது இழுவை. இழுவைக்குக் கேம் ஷாஃப்டை அமைத்தால், அம்புபோல் வரையப்பட்ட அந்த உடம்பு வாக்குக் கொடுத்த ஓட்டம் கிடைக்காது. ஓட்டத்துக்கு அமைத்தால் சிக்னலில் திணறும். வி8 இரண்டையும் கொடுத்தது, காரணம் அதற்கு 3.5 லிட்டர் கொள்ளளவு இருந்தது. இரண்டு லிட்டரில் எந்தக் கேம் ஷாஃப்டாலும் அதைச் செய்ய முடியாது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800க்கு 40க்குச் சற்றுக் குறைவான குதிரைத்திறன், எடை 650 கிலோவை ஒட்டி. டன்னுக்கு எவ்வளவு சக்தி என்று வகுத்தால் மாருதியும் ஸ்டாண்டர்ட் 2000மும் ஏறக்குறைய 60இல் வந்து நிற்கும். மாருதியை யாரும் டிராக்டர் என்று சொல்லவில்லை. 50,000 ரூபாய்க்கும் கீழே அறிமுகமான சின்னக் கார் சின்னக் கார் மாதிரி ஓடியது, வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். பல மடங்கு விலை கொடுத்தவருக்கு அதே ஓட்டம் கிடைத்தபோது, ஏமாந்தோம் என்று தோன்றியது. இதில் எஞ்சினின் குற்றம் என்ன?

அது ஸ்டாண்டர்டின் தனிக்கதையும் இல்லை. 1984இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவை வாக்ஸால் உடம்பும் அம்பாசிடர் எஞ்சினுமாகக் கொண்டுவந்தது. அதுவும் மூச்சு வாங்கியது. பிறகு இசுஸு எஞ்சின் வந்ததும் பிழைத்துக்கொண்டது. பிரீமியர் தன் 118என்.ஈ.க்கு நிஸான் எஞ்சினை எடுத்தது. ஸ்டாண்டர்டுக்கு அப்படி இரண்டாவது எஞ்சின் கிடைக்கவே இல்லை. 1988இல் உற்பத்தி நின்றது. நாற்பது ஆண்டாக இரும்பை அறிந்த கைகள் பெருங்களத்தூரில் வேலை இழந்தன. அந்தச் சிரிப்பு இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பிறகு

ஸ்டாண்டர்ட் திணறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி எல்லாம் தாண்டி மறைமலை நகரில், ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து 1985இல் தொடங்கப்பட்ட யூகால் நிறுவனம் மாருதிக்குக் கார்புரேட்டர் செய்யத் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரே சாலையின் ஒரு முனையில் ஒரு காலம் மூடியது, இன்னொரு முனையில் இன்னொரு காலம் திறந்தது. அதற்கும் ஆயுள் இருந்தது. 2000க்குப் பிறகு கார்களில் எரிபொருள் ஊசிகள் வந்தன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது புதிய பைக்குகளில் பெரும்பாலானவற்றிலிருந்தும் கார்புரேட்டர் விடைபெற்றது.

கேம் ஷாஃப்டின் பேரமும் மாறிவிட்டது. இன்றைய எஞ்சின்களில் பெரும்பாலானவை ஓடும்போதே வால்வு நேரத்தை மாற்றிக்கொள்கின்றன. மெதுவாகப் போகும்போது இழுவைக்கு ஒரு கணக்கு, வேகத்துக்கு ஒரு கணக்கு. மென்பொருளில் ஓர் அட்டவணை அதைப் பார்த்துக்கொள்கிறது. ஸ்டாண்டர்ட் தொழிற்சாலை நின்ற பெருங்களத்தூர் நிலத்தில் இப்போது ஐ.டி. பூங்கா. என்னைப்போல் எஞ்சினியரிங் படித்துவிட்டுக் கோடு எழுதுகிற பசங்களுக்கு, தப்பான முடிவை அடுத்த அப்டேட்டில் திருத்திக்கொள்ளலாம் என்ற சொகுசு இருக்கிறது. 1985இல் அதே இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது இல்லை. தேர்ந்தெடுத்ததை இரும்பில்தான் எழுதினார்கள்.

கடைசியாக ஒன்று. மூடிக்கிடந்த தொழிற்சாலையில் எஸ்.டி.1 காருக்கான உதிரிப் பாகங்கள் மலைபோலக் குவிந்திருந்தன. 2000களின் நடுவில் இங்கிலாந்தின் பழைய ரோவர் பாக விற்பனையாளரான ரிம்மர் பிரதர்ஸ் அவற்றை வாங்கிக் கப்பல் ஏற்றியது. இங்கிலாந்தில் எஸ்.டி.1 உற்பத்தி 1986இலேயே முடிந்திருந்தது, அங்கே புதுப் பாகங்கள் அரிது. பெருங்களத்தூரிலிருந்து போன பாகங்கள் அங்கே பழைய ரோவர்களில் ஏறின. அவற்றில் எத்தனையோ வி8 எஞ்சின் வைத்தவை.